கிரிப்டிக் குறுக்கெழுத்தின் பூர்வீகம்

“மீனவருக்குத் துணை முதலில்லாக் கவலை (2).” முதல் வாசிப்பில் இது ஏதோ ஒரு கடலோரக் கிராமத்தின் கடன் தொல்லையைச் சொல்வது போலிருக்கும். கிரிப்டிக் குறுக்கெழுத்துப் போடுகிறவர் இதை வேறு மாதிரி படிப்பார். ‘முதல்’ என்பது பணமல்ல, எழுத்து. ‘கவலை’யின் முதலெழுத்தை எடுத்துவிட்டால் ‘வலை’. மீனவருக்குத் துணை அதுதான். அடைப்புக்குள் இருக்கும் எண் விடையில் எத்தனை எழுத்து என்பதைக் காட்டுகிறது. குறிப்பின் ஒரு பாதி விடையின் பொருளைச் சொல்கிறது, மறு பாதி விடையைக் கட்டும் வழியைச் சொல்கிறது. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிய வேண்டும். இந்த விசித்திரமான வாக்கிய வகை எங்கே பிறந்தது? என் தேடல் அதைப் பற்றியது. பிறந்த ஆண்டை மட்டும் கேட்டால் சுலபமாகப் பதில் கிடைத்துவிடும். எது பிறந்தது என்று கேட்டால்தான் சிக்கல்.

கட்டத்தின் பிறப்பில் சந்தேகமில்லை. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழின் ஞாயிறு இணைப்பில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர் வைர வடிவில் ஒரு சொற்புதிரை வெளியிட்டார். அதில் கிரிப்டிக் தந்திரம் எதுவும் கிடையாது. அகராதியைப் போல நேரடியான பொருள் விளக்கங்களே குறிப்புகள். ஒரு பனைமரத்து நாரின் பெயரைக் கேட்கும் குறிப்புகூட அந்தப் புதிரில் வந்திருக்கிறது. 1924இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனம் முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தைப் போட்டதும் அமெரிக்காவுக்கே பித்துப் பிடித்தது. அமெரிக்கா அடிமைப்பட்டுவிட்டது என்று லண்டன் ‘டைம்ஸ்’ அந்த ஆண்டு டிசம்பரில் கேலி செய்தது. அதே ‘டைம்ஸ்’ 1930 பிப்ரவரி 1 முதல் தானும் குறுக்கெழுத்து வெளியிடத் தொடங்கியது.

கிரிப்டிக் வகை இங்கிலாந்தில்தான் உருவானது. எட்வர்டு பவிஸ் மாதர்ஸ் என்ற கவிஞர், ஸ்பெயினின் மதவிசாரணைத் தலைவர் ‘டார்க்கமாடா’வின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு, 1926 முதல் 1939இல் இறக்கும் வரை ‘அப்சர்வர்’ வார இதழில் புதிர் அமைத்தார். நேரடி விளக்கங்களைக் கைவிட்டு, புதிரை முழுக்கச் சொல்விளையாட்டாலேயே நிரப்பியவர் அவர். ஆக, கட்டம் 1913, கிரிப்டிக் குறிப்பு 1920களின் நடுப்பகுதி என்று எழுதிவிட்டு நான் தேடலை முடித்திருக்கலாம். ஆனால் தந்திரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அவற்றில் ஒன்றுகூட டார்க்கமாடாவுடையது அல்ல.

தமிழில் இதற்கான சான்று தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலின் சொல்லணியியலில் இருக்கிறது. அங்கே சொல்லப்படும் சித்திரகவி வகைகளில் ஒன்று அக்கரச்சுதகம்: ஒரு சொல்லிலிருந்து எழுத்துகளை நீக்க நீக்க வேறு வேறு பொருள் வரும். மேலே கண்ட ‘வலை’யும் அந்த வழியில் வந்ததுதான். எழுத்து வருத்தனம் அதற்கு எதிர்த்திசை, எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போவது. கரந்துறைச் செய்யுளில் ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். இவை எல்லாவற்றையும் விட என்னை நிறுத்தி வைத்தது வினாவுத்தரம். தண்டியலங்காரத்தின் உதாரணப் பாடல் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்கிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை எப்படி ஏவுவார்கள்? ஏகு. சரத்துக்கு என்ன பெயர்? அம்பு. அழகின் பெயர்? அம். கடைசியாக, பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது என்கிறது. முன்னால் வந்த விடைகளைச் சேர்த்தால் காஞ்சியின் திருவேகம்பம். உறுப்புகளுக்குத் தனித்தனிக் குறிப்பு, முழுச்சொல்லுக்கு ஒரு பொருள் குறிப்பு, இரண்டு வழியும் ஒரே விடை. கிரிப்டிக் குறுக்கெழுத்தின் எலும்புக்கூடு முழுதாக இங்கேயே இருக்கிறது.

அப்படியானால் இதைக் கண்டுபிடித்தது நாம்தான் என்று சொல்லிவிடலாமா? அந்த ஆசைக்கு ஆதாரம் இடம் கொடுக்கவில்லை. தண்டியலங்காரமே வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவிய நூல். காவியாதர்சத்தின் மூன்றாம் பகுதி சித்திரகவியோடு பிரகேலிகை எனும் விடுகதைகளையும் வகை பிரித்துப் பேசுகிறது. ஆங்கிலேயருக்கும் இது இரவல் வாங்க வேண்டிய சரக்காக இருக்கவில்லை. 1815இன் இறுதியில் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் எல்டன் என்ற பாதிரியார் ஒரு சொற்புதிரை எழுதிக் கொடுக்கிறார். அதன் முதல் பகுதி அரசவை, இரண்டாம் பகுதி கப்பல். இரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தால் காதல் நாட்டம் என்று பொருள்படும் சொல் கிடைக்கும். திருவேகம்பம் கட்டப்பட்ட அதே முறை. காஞ்சியிலிருந்து இங்கிலாந்துக்கு இது போனது என்று காட்ட எந்தத் தடயமும் இல்லை. சொல்லை உடைத்துப் பார்க்கும் ஆசை எழுத்தறிந்த சமூகங்களுக்குப் பொது. பல இடங்களில் தனித்தனியே முளைத்திருக்கிறது என்று கொள்வதே நியாயம்.

ஆனால் தந்திரங்கள் பழையவை என்பதால் கிரிப்டிக் குறிப்பும் பழையது ஆகிவிடாது. வினாவுத்தரம் ஒளிவுமறைவில்லாத கேள்வி. எங்கே ஒரு வினா முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதை அது மறைப்பதில்லை. எல்டனின் புதிரும் முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று தெளிவாகப் பிரித்தே பேசுகிறது. கிரிப்டிக் குறிப்போ தான் கேள்வி என்பதையே ஒப்புக்கொள்வதில்லை. “நகரம் தாறுமாறானால் பாவிகளுக்குப் போக்கிடம் (4)” என்ற வாக்கியம் சட்டம் ஒழுங்கு பற்றிய தலையங்கத்தின் ஒரு வரியாக இருக்கலாம். தாறுமாறாவது ஊரல்ல, அந்தச் சொல்லின் எழுத்துகள். அவற்றை இடம் மாற்றினால் நரகம். பொருள் சொல்லும் பகுதி எங்கே நின்று, விடை கட்டும் பகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்ற தையல் வெளியே தெரிவதில்லை. ஒரே வாக்கியம் இரண்டு பொருள் தரும் கலையும் தமிழுக்குப் புதிதல்ல. செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரம் அதையும் வகுத்திருக்கிறது. காளமேகம் அதில் கரை கண்டவர். ஆனால் சிலேடை பொருளணியியலில் இருக்கிறது, வினாவுத்தரம் சொல்லணியியலில் இருக்கிறது. உறுப்பும் முழுமையுமாக விடையைக் கட்டும் முறையை, அப்பாவி வேடம் போட்ட வாக்கியத்துக்குள் தையல் தெரியாமல் புதைத்ததே 1920களின் புதுமை.

அந்தப் புதுமை ஏன் அப்போது நேர்ந்தது? வின் தந்த கட்டம்தான் காரணம் என்பது என் முடிவு. தையலை மறைத்த கேள்வியைத் தனியாக நீட்டினால் பலர் திகைத்து விலகிவிடுவார்கள். கட்டத்துக்குள் வைத்தால், குறுக்கே வரும் விடைகள் ஓரிரண்டு எழுத்தைக் கொடுத்துக் கைதூக்கிவிடும். அந்த உதவியை நம்பித்தான் புதிர் அமைப்பவர் துணிந்து ஒளிக்க முடிந்தது. இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும்: அமெரிக்கக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லா எழுத்தும் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் என இரண்டு சொற்களில் வருகிறது, உதவி அங்கேதான் அதிகம், பிறகு ஏன் கிரிப்டிக் அங்கே வேர்விடவில்லை? உதவி மிகுந்துபோனதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். எல்லா எழுத்தும் இருமுறை சரிபார்க்கப்படும்போது விடை சரியா என்று கட்டமே சொல்லிவிடும், குறிப்பு நிரூபிக்க வேண்டியது ஒன்றுமில்லை. கறுப்புக் கட்டங்கள் நிறைந்த பிரிட்டிஷ் வடிவத்திலோ ஏறத்தாழ பாதி எழுத்துகளுக்கே குறுக்குச் சொல்லின் துணை உண்டு. மீதிப் பாதிக்குக் குறிப்புதான் சாட்சி. ஒளிக்கத் துணியும் அளவுக்கு உதவி, நிரூபிக்கக் கட்டாயப்படுத்தும் அளவுக்குப் பற்றாக்குறை. இரண்டும் ஒரே இடத்தில் கூடியதால்தான் இரட்டை வழிக் குறிப்பு அங்கே நிலைத்தது.

ஒளிப்பது கைவந்ததும் அது வரம்பு மீறவும் செய்தது. டார்க்கமாடாவின் குறிப்புகளில் பல ஊகத்துக்கு மட்டுமே இடம் தருபவை. அதற்கு எதிர்வினையாக இலக்கணம் வந்தது. ‘அஃப்ரிட்’ என்ற பெயரில் எழுதிய தலைமையாசிரியர் ரிட்சி 1949இல் வெளியிட்ட புத்தகத்தில், புதிர் அமைப்பவர் சொல்வதையே நினைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் நினைப்பதைச் சொல்லியாக வேண்டும் என்ற நியதியை வகுத்தார். டார்க்கமாடாவுக்குப் பின் அப்சர்வரில் அமர்ந்த மக்நட் ‘ஸிமெனிஸ்’ என்ற பெயரில் 1966இல் அதை முழு நூலாகவே விரித்தார்: துல்லியமான பொருள், நேர்மையான கட்டுமானம், இவற்றுக்கு மேல் ஒரு சொல்கூட மிகக் கூடாது. ‘கார்டியன்’ நாளிதழின் அராகேரியா இந்த விதிகளைத் தாராளமாக வளைத்தாரே, அவரையும் வாசகர்கள் கொண்டாடினார்களே என்று கேட்கலாம். அவர் வளைத்தது ஓரங்களைத்தான். விடைக்கு இரண்டு வழி வேண்டும் என்ற நடுத்தூணை அவரும் அசைக்கவில்லை. சாதாரணக் குறுக்கெழுத்தில் விடை தெரிந்ததும் பேச்சு முடிந்துவிடும். கிரிப்டிக்கில் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது: இந்தச் சொல் ஏன் இங்கே நிற்கிறது, அது இடமாற்றத்தைக் காட்டுமா, பொருள் பொருந்துகிறதா? ‘இந்து’ ஆங்கில நாளிதழில் தினமும் வரும் புதிரைப் போடுகிறவர்கள் விடையைவிட அதற்கான காரணத்தைப் பற்றியே அதிகம் விவாதிப்பதும் இதனால்தான்.

தமிழ் இதற்குத் தோதுப்படாது என்று சொல்பவர்கள் உண்டு. 26 எழுத்துக்கு ஏற்ற கட்டத்தில் 247 எழுத்து எப்படிப் பொருந்தும் என்பது அவர்கள் வாதம். கஷ்டம் உண்மைதான். மெய்யெழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ஆகவே புள்ளி வைத்த எழுத்து விழும் கட்டத்திலிருந்து அடுத்த சொல்லைத் தொடங்க முடியாது. சொற்கள் சந்திப்பது அரிதாகி, கட்டம் கொஞ்சம் வெறிச்சோடித்தான் இருக்கும். ஆனால் சந்திப்பு குறைந்தால் குறிப்பு தன்னைத் தானே நிரூபிக்க வேண்டும், அதற்காகவே உருவானது கிரிப்டிக் முறை. அதோடு, குறுக்கிலிருந்து கிடைக்கும் ஒரே ஒரு தமிழ் எழுத்து, மெய்யும் உயிரும் சேர்ந்து வருவதால், ஆங்கில எழுத்தைவிட அதிகமாகக் காட்டிக் கொடுக்கும். இது வெறும் கணக்கும் அல்ல. அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ‘தென்றல்’ மாத இதழ் இந்த வகைத் தமிழ்ப் புதிர்களைப் பல ஆண்டுகள் வெளியிட்டிருக்கிறது. நம் நாளிதழ்கள் இன்னமும் ‘யானையின் வேறு பெயர்’ என்ற அளவிலேயே நின்றுகொண்டு, அதையும் சிறுவர் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. வாரத்துக்கு ஒரு கிரிப்டிக் கட்டத்தை நடுப்பக்கத்தில் போட்டு, மறுவாரம் விடையோடு ஒவ்வொரு குறிப்பின் காரணத்தையும் அச்சிடலாம். அதற்கான கருவிகள் தண்டியலங்கார காலத்திலிருந்தே கையில் இருக்கின்றன; வேண்டியது அவற்றை எடுத்துப் பயன்படுத்தும் ஆசிரியர்கள்.