மண்ணுக்குள் ஏறும் அழுத்தம்

மழைக்காலம் பிறர்க்கு விளைச்சலின் காலம். மலையில் வாழும் நமக்கோ அது விழித்திருக்கும் காலமுமாகும். கம்பம், போடி, பொள்ளாச்சி ஆகிய ஊர்களின் வழியே நம் முன்னோர் மலையேறி, மூணாற்றிலும் பீர்மேட்டிலும் நெல்லியாம்பதியிலும் தோட்டத்தொழிலில் தம் வாழ்நாளைக் கழித்தனர். அவர் மக்களாகிய நாம் இன்றும் லயங்களில், சரிவின் அடியிலேயே உறங்குகிறோம்.

ஊற்று நீர் திடீரெனக் கலங்கினால், நேராக நின்ற மரம் சாய்ந்தால், தரையில் வெடிப்புத் தோன்றினால் உடனே விலகுக என்பது முதியோர் நமக்குத் தந்த அறிவுரை. அது மெய்யே, ஆயினும் இருளில் அதனால் என்ன பயன்? 2018 ஆகஸ்டு மாதத்தில் நிலச்சரிவுகளால் நெல்லியாம்பதிப் பாதை துண்டிக்கப்பட்டது. 2020 ஆகஸ்டு 6 இரவில் இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை பெயர்ந்து லயங்களை மூடிற்று. மாண்டோர் எழுபதின்மர், அவருள் பெரும்பாலோர் நம்மவர். தொலைபேசித் தொடர்பு அற்றிருந்தமையால், மறுநாட் காலையில்தான் செய்தி வெளியே எட்டியது.

மலை ஏன் சரிகிறது? மண்ணின் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பற்றி நிற்பதாலேயே சரிவு நிலைத்திருக்கிறது. பெருமழையில் துகள்களின் இடைவெளிகளில் நீர் நிறைந்து, அவற்றைப் பிரித்துத் தள்ளுகிறது, பிடிப்புத் தளர்கிறது. இவ்வுண்மையை 1920களில் கார்ல் தெர்சாகி என்னும் பொறியியலறிஞர் தெளிவுறுத்தினார். மண்ணுள் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால், அடியில் அழுத்தம் ஏறத்தாழ 9.8 கிலோபாஸ்கல் கூடும். மேலே புல்லும் தேயிலையும் அமைதியாகவே இருக்கும். கீழே பிடிப்புக் குறைந்துகொண்டே வரும். கண்ணுக்குப் புலனாகாத இதனைக் கருவியே காட்டவல்லது.

நம் மலையிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் மண்ணின் நீரழுத்தம், ஈரம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை அளக்கும் கருவிகளைப் பதித்து, அளவுகளைக் கம்பியின்றி அனுப்பும் அமைப்பை நிறுவினர். 2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எச்சரிக்கையும் விடுத்தனர்.

இப்பணிக்கு ஏற்ற மற்றொரு கருவி ஒளியிழை. தொலைபேசிச் செய்திகளைச் சுமக்கும் அதே கண்ணாடி இழைதான். அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. இழையினுள் ஒளியால் நுண்ணிய வரிகளைப் பதிக்கலாம் என்பதை 1978இல் கனடாவில் கென் ஹில் என்பார் கண்டறிந்தார். அவ்வரிகள் குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பும். நீரழுத்தம் ஒரு மெல்லிய தகட்டை வளைக்க, தகடு இழையை இழுக்க, திரும்பும் ஒளியின் அலைநீளம் சிறிது மாறும். அம்மாற்றமே அழுத்தத்தின் கணக்கு. வெப்பமும் அதனை மாற்றுமாதலால், அழுத்தம் படாத வேறொரு வரித்தொகுதியை அருகில் வைத்து அக்கணக்கைக் கழித்துவிடுவர். ஒரே இழையில் பல ஆழங்களை அளக்கலாம். இழையில் மின்சாரம் ஓடுவதில்லை. ஆகவே, இடியும் மின்னலும் மிகுந்த இடுக்கியில் இஃது பெரும் நன்மையாகும். ஒளியைப் படிக்கும் பெட்டி விலை மிக்கது என்பதே இதன் குறை.

எனினும், அளவு வேறு, எச்சரிக்கை வேறு. எங்கோ ஓர் அலுவலகத்துத் திரையில் ஏறும் எண், லயத்தில் உறங்கும் தாயை எழுப்பாது. ஆதலின் நாம் கேட்க வேண்டியவை மூன்று: லயங்களுக்கு மேலுள்ள சரிவுகளில் அழுத்தமானிகள்; மின்சாரம் நின்றாலும் ஒலிக்கும் சங்கு; தமிழில் அறிவிப்பு. இவற்றைத் தோட்ட நிர்வாகத்திடமும் பஞ்சாயத்திடமும் மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்தில் கேட்போம். ஒவ்வொரு லயத்திலும் இருவர், சங்கொலி கேட்டவுடன் எவ்வழியே எங்குச் செல்வது என்பதைக் குழந்தைகளுக்கு இன்றே கற்பிப்பாராக. அடுத்த பருவமழைக்கு முன் இப்பணி தொடங்கட்டும்.