குடுவை காய்ந்தால் கலங்க வேண்டாம்

குடுவைத் தாவரம் வாங்கி வருகிறவர்களில் பலர் முதல் மாதத்திலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். நர்சரியில் வரிசையாகத் தொங்கிய குடுவைகள் வீட்டுக்கு வந்ததும் மேலிருந்து காயத் தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே பழுப்பாகிவிடும். செடி செத்துக்கொண்டிருக்கிறது என்று பதறி உரம் வைப்போம், தொட்டியை மாற்றுவோம், வெயிலுக்கு நகர்த்துவோம். இதில் எதுவுமே தேவையில்லை. நர்சரியின் நிழல்வலைக்குள் இருந்த ஈரக்காற்று நம் பால்கனியில் கிடையாது. புது இடம் பழகும்வரை செடி குடுவைகளைக் கைவிட்டு இலைகளைக் காப்பாற்றிக்கொள்கிறது. குடுவை காய்ந்த பிறகும் அதைத் தாங்கிய இலை பச்சையாக இருந்தால் செடி நலம். நாம் கவனிக்க வேண்டியது நடுவிலிருந்து வரும் புதுக் குருத்தைத்தான்.

சென்னையில் என் வீட்டுக் கிழக்குப் பால்கனியில் தொங்குவது வென்ட்ராட்டா என்ற கலப்பினம். நெப்பந்திஸ் என்ற குடுவைத் தாவரப் பேரினத்தில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த இனங்கள் இரண்டின் வாரிசு. புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதையே சொல்வேன். தவறுகளைத் தாங்கும் செடி. போர்னியோவின் கினபாலு மலையில் 1500 மீட்டருக்கு மேல் வளரும் ராஜா என்ற இனத்தின் படத்தைப் பார்த்தால் ஆசை வரும். அதன் குடுவையில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். ஆனால் அதற்கு இரவில் மலைக்குளிர் வேண்டும். நம் மே மாத இரவுகளில் அது பிழைக்காது.

மாடித்தோட்டம் போட்டவர்களின் கை தானாகவே செம்மண், தொழுஉரம், மண்புழு உரம் என்று போகும். இந்தச் செடிக்கு மூன்றுமே ஆகாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அரிதான மண்ணில் தழைத்த இனம் இது. மண்ணில் கிடைக்காததைப் பூச்சிகளிடமிருந்து எடுத்துக்கொள்ளவே இலை நுனியில் குடுவை உண்டானது. அதன் வேர்கள் கறுத்து, மெலிந்து, சட்டென்று முறியக்கூடியவை. உரத்தின் உப்பு பட்டால் கருகும். நான் கோகோபீட், பெர்லைட், மரப்பட்டைத் துண்டுகள் மூன்றையும் கலந்து வைத்திருக்கிறேன். கோகோபீட் கட்டியில் உப்பு இருக்கும் என்பதால் பக்கெட்டில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பலமுறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். தொட்டியில் ஈரம் எப்போதும் இருக்க வேண்டும்; ஆனால் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

மண்ணைவிட முக்கியம் தண்ணீர். நம் ஊரில் இந்தச் செடிகள் மடிவதற்குப் பெரிய காரணம் போர்த் தண்ணீர் என்றே நினைக்கிறேன். மற்றத் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் உப்பைத் தேய்த்துப் பாருங்கள். அந்த உப்பு இந்த வேருக்குள் போனால் என்ன ஆகும் என்று புரியும். தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டி.டி.எஸ். அளவு 50-க்குள் இருந்தால் நல்லது, 100-ஐத் தாண்ட வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிதண்ணீரை ஊற்றலாம். அது வெளியே தள்ளும் கழிவுநீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. எல்லாவற்றிலும் மேலானது மழைநீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய் அகன்ற வாளிகளை மாடியில் வைத்துப் பிடித்து, மூடி போட்ட கேன்களில் நிரப்பிக்கொள்கிறேன். அந்த மாதங்களில் செடி வளரும் வேகமே வேறு.

காலை வெயில் படலாம், உச்சி வெயில் கூடாது. அதே சமயம் இருட்டு மூலையும் கூடாது. வெளிச்சமோ காற்றின் ஈரமோ குறைந்தால் இலை மட்டும் வரும். அதன் நுனி குடுவையாகாமல் காய்ந்துபோகும். காற்றின் ஈரத்தைப் பொறுத்தவரை கடற்கரை ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. மதுரை, திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் மற்றச் செடிகளுக்கு நடுவே இதைத் தொங்கவிட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் அமைந்துவிட்டால் ஒரு குடுவை உருவாவதைக் கண்முன்னே பார்க்கலாம். இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டிக் கொடியாக நீளும். அதன் முனை கீழே வளைந்து மறுபடி மேலே நிமிரும். அங்கே அரிசி மணி அளவில், பழுப்பு மென்மயிர் போர்த்திய ஒரு மொட்டு. தட்டையாக இருக்கும் அது மெல்ல மெல்ல உப்பும். மூடி திறப்பதற்கு முன்பே செடி சுரந்த திரவம் உள்ளே இருக்கும். திறந்த மூடி மறுபடி மூடுவதில்லை; பூச்சி விழுந்ததும் சாத்திக்கொள்ளும் என்று பலரும் சொல்வது தவறு. மழைநீர் நிறைந்து திரவம் நீர்த்துப்போகாமல் காப்பதே மூடியின் வேலை. திறந்த சில நாளில் வாய்விளிம்பு சுருண்டு சிவக்கும். அதில் நெருக்கமாக வரிகள் ஓடும், தேனும் சுரக்கும். காய்ந்த மத்தியானத்தில் எறும்புகள் அந்தத் தேனைக் குடித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் தெளித்த பிறகு அதே விளிம்பில் ஏறும் எறும்பு வழுக்கி உள்ளே விழுகிறது. வரிகளில் படரும் ஈரம்தான் பொறி.

குடுவையைக் கண்டதும் ஊட்டத் தோன்றும். சோறு, இறைச்சித் துண்டு எதையும் போடாதீர்கள், குடுவை அழுகிவிடும். தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் முட்டை வெள்ளைக்கருவையும் இறைச்சியையும் போட்டுப் பார்த்து, இந்தச் செடிகள் செரிக்கின்றன என்று 1874-இல் பெல்பாஸ்டில் அறிவித்தார். அது ஆய்வு. வீட்டுச் செடிக்குத் தானாக விழும் எறும்பும் ஈயுமே போதும். கொண்டுவரும் வழியில் திரவம் கொட்டிப்போயிருந்தால் மட்டும், பச்சையாக உள்ள குடுவையில் கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம்.

அதே ஹூக்கர் பெயரிட்ட நெப்பந்திஸ் காசியானாதான் இந்தியாவுக்கே உரிய ஒரே குடுவைத் தாவரம். மேகாலயாவின் காசி, காரோ, ஜெயின்டியா மலைகளில் வளர்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களாலும் காட்டுச் செடிகளைப் பிடுங்கி விற்பதாலும் அது அருகிவிட்டது. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, காசியானாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரு தொட்டிச் செடியைக் காப்பாற்ற மழைநீர் பிடிக்கும் நாம், மலையில் தானாக வளரும் செடியை அழிக்கத் துணைபோகக் கூடாது. ஆகவே வாங்குமுன் கேளுங்கள்: இது திசு வளர்ப்பிலோ பதியன் போட்டோ நர்சரியில் உண்டானதா, காட்டிலிருந்து வந்ததா? தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள்.