வெள்ளித் தண்ணீர்

வெள்ளியின்மீது நம்மவர்களுக்குள்ள பிரீதி சொல்லி முடியாது. குழந்தை பிறந்தால் பாலாடை, தவழ்ந்தால் அரைஞாண், நடந்தால் கொலுசு, கலியாணமென்றால் குங்குமச் சிமிழ் என்று, அது நம்மை விட்டுப் பிரிவதே இல்லை. ஆயினும், அதை வீட்டிலேயே தண்ணீரில் கரைத்துத் தினந்தோறும் குடிக்கும் வழக்கம் புதிது. அதைப் பற்றி நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

நாம் வசிப்பது அடி அண்ணாமலையில். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியருளிய தலம் என்பது ஐதிகம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. பௌர்ணமிதோறும் பக்தர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உலகத்திலுள்ள வைத்தியங்களும் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் போகின்றன. அருகம்புல் சாறு வந்தது; காந்தக் காப்பு வந்தது; அந்த வரிசையில் வெள்ளித் தண்ணீரும் வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டுவந்தவர் நம் தெருவிலேயே குடியிருக்கும், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர். மகா பரோபகாரி, காசு வாங்குகிறவர் அல்லர். அவருடைய யந்திரம் வெகு எளிது. ஒன்பது வோல்ட் பாட்டரிகள் மூன்றைத் தொடராகக் கோத்திருந்தார். ஆக, இருபத்தேழு வோல்ட். இரு முனைகளிலிருந்தும் இரண்டு சுத்த வெள்ளிக் கம்பிகள், வாலை நீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளருக்குள் தொங்கின. சிறிது நேரம் சென்றதும் நேர்மின் கம்பியிலிருந்து வெள்ளி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து நீரில் கலக்கிறது. இருட்டில் டார்ச் விளக்கைத் தம்ளரின் பக்கவாட்டில் பிடித்தால், ஜன்னல் வழியே வரும் வெயிலில் தூசி தெரிவதுபோல் ஓர் ஒளிக்கோடு தெரியும். வெள்ளித் துகள்கள் நீரில் மிதப்பதற்கு அதுவே அடையாளம். கூழ்ம வெள்ளி என்பது இதைத்தான்.

வெள்ளிக்குக் கிருமிகளைக் கொல்லும் சக்தி உண்டா என்றால், சந்தேகமில்லாமல் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டுப் பல கண்களைக் குருடாகாமல் காத்த முறையை 1881-இல் வெளியிட்டார். தீப்புண்ணுக்குப் பூசும் வெள்ளிக் களிம்பு 1968 முதல் வழக்கத்தில் இருக்கிறது. நம் நாட்டிலும் இந்த வித்தையில் யாரும் சோடை போகவில்லை. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்பும் அவர் குழுவினரும், வெள்ளி நுண்துகள்களைக் கொண்டு குடிநீரிலுள்ள பூச்சிக்கொல்லி மருந்தை அகற்றும் வடிகட்டியைக் கண்டார்கள்; அது 2007-இல் கடைக்கு வந்தது. டாட்டா நிறுவனம் 2009-இல் உமிச் சாம்பலும் வெள்ளியும் சேர்ந்த வடிகட்டி ஒன்றை வெளியிட்டது.

ஆனால் இங்கெல்லாம் வெள்ளி வேலை செய்வது பாத்திரத்தில், அல்லது தோலின்மேல். வயிற்றுக்குள் போனால் கதை வேறு. அங்கே உள்ள அமிலத்திலிருக்கும் குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்கிறது. தப்பியதைப் புரதங்கள் கட்டிப்போடுகின்றன. கிருமியைத் தேடிப் போன சேவகன் வாசலிலேயே கைதாகிவிடுகிறான்! கூழ்ம வெள்ளி கலந்த மருந்துகள் எந்த நோய்க்கும் பத்திரமானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்பதற்கில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 1999-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

உபாத்தியாயரானபடியால் கணக்குப் போடாமல் இருக்க நம்மால் முடியவில்லை. பாரடே வகுத்த விதிப்படி, ஒரு மில்லி ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் நான்கு மில்லிகிராம் வெள்ளி கரையும். பாதி எதிர்க் கம்பியில் படிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கால் லிட்டர் தண்ணீரில் எஞ்சியது இரண்டு மில்லிகிராம், லிட்டருக்கு எட்டு. குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் பாதகமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப்போல் இது எண்பது மடங்கு!

உடம்பில் சேர்ந்த வெள்ளி தோலில் படிந்து, வெளிச்சம் பட்டதும், பழைய போட்டோ பிலிமைப் போலக் கறுக்கிறது. அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்தில் செனட் சபைக்கு நின்ற ஸ்டான் ஜோன்ஸ் என்பவர், 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் மருந்துக்குப் பஞ்சம் வருமென்று அஞ்சி, 1999-இல் இந்தத் தண்ணீரைத் தாமே தயாரித்துக் குடித்தார். பஞ்சம் வரவில்லை, அவர் மேனிதான் நீலச் சாம்பல் நிறமாயிற்று. அந்த நிறம் ஒருமுறை வந்தால் போவதில்லை. வெள்ளி கையில் தங்குவதில்லை என்பது உபாத்தியாயர்களின் பழைய குறை. உடம்பில் தங்கினால் அது பெருங்குறை.

நிறத்தைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. பாதையோரம் பூக் கட்டி விற்கும் ஆயா ஒருத்தி நம் தெருவில் இருக்கிறாள். சர்க்கரை வியாதிக்காரி. கால் விரலில் ஒரு புண். பெரியவர் தந்த தண்ணீரைப் புண்ணில் ஊற்றினாள், குடிக்கவும் செய்தாள். அது போதுமென்று மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"வாத்தியாரய்யா, வலியே இல்லை. வெள்ளி வேலை செய்யுது" என்றாள் ஒருநாள்.

நமக்குப் பகீர் என்றது. சர்க்கரை வியாதியில் வலி தெரியாமற் போவது நரம்பு மரத்ததற்கு அடையாளமே தவிர, புண் ஆறியதற்கு அன்று. கட்டிலிருந்து துர்நாற்றம் வேறு வீசியது.

நேரே பெரியவரிடம் சென்று, "ஐயா, நாம் சொன்னால் ஆயா கேட்கமாட்டாள். தாங்கள் சொன்னால் கேட்பாள்" என்றோம். அவர் தர்க்கம் செய்யவில்லை. ஆயாவின் காலைப் பார்த்தார், முகம் வாடிற்று. தம் காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் பிழைத்தது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்தப் பெரியவரை நாம் குறை சொல்லமாட்டோம். நல்ல மனசு கொடுப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. இந்த மாதிரி வைத்தியங்கள் இவ்வளவு தூரம் பரவுவதற்கு அதுவே காரணம். ஆகையால் வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு நாம் சொல்வது இதுதான்: வெள்ளிப் பாலாடையில் குழந்தைக்குத் தாராளமாய்ப் பால் புகட்டுங்கள். வடிகட்டியில் வெள்ளி இருந்தால் இருக்கட்டும். வெள்ளியைக் கரைத்து மருந்தென்று யார் கொடுத்தாலும், எவ்வளவு அன்பாய்க் கொடுத்தாலும், வாயில் விடாதீர்கள். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

யந்திரத்தைப் பெரியவர் நம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒளிக்கோட்டைக் காட்டும்போது பிள்ளைகள் கைகொட்டுகிறார்கள். பாடம் முடிந்ததும் தம்ளரை நாமே எடுத்துப் பூட்டி வைக்கிறோம்.