ஜன்னல் கைப்பிடியும் அம்மாவின் மூச்சுமுட்டலும்

ஜன்னல், சாவி ரெண்டுமே போர்த்துகீசியர் நமக்கு விட்டுப்போன சொற்கள். பாறசாலைப் பக்கம் எங்க வீட்டில் ஜன்னலை மட்டும் எடுத்துக்கிட்டோம். சாவி எங்களுக்குத் தாக்கோல்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் அன்றைய சென்னை மாநிலத்தோடு போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் நாங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இப்படி ரெண்டு பாஷையில் வளர்ந்தும், இங்கிலாந்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் "அந்தக் கைப்பிடிக்குள்ள ஒரு சதுரக் கம்பி இருக்குமே" என்று கேட்க மூணாவது பாஷையும் போதவில்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஊர் ஜன்னலுக்கு அயினி மரச்சட்டம், நடுவில் இரும்புக்கம்பி, கதவுக்கு ஒரு கொக்கி. மழைக்காலத்தில் மரம் ஊதி கதவு பிடிக்கும். ஆசாரி வந்து இழைப்புளியால் ரெண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். கம்பி இருப்பதால் ராத்திரியும் திறந்தே கிடக்கும். இங்கே கம்பி கிடையாது. அந்தக் காவலையும் பூட்டுதான் செய்யணும். ரெண்டு கண்ணாடி, நடுவில் காற்றோ ஆர்கான் வாயுவோ அடைத்த இடைவெளி, பிளாஸ்டிக் சட்டம். கைப்பிடியைத் திருப்பினால் சட்டத்துக்குள் ஓடும் ஒரு நீளப் பட்டை நகர்ந்து பல இடத்தில் பூட்டும். குளிர் உள்ளே வராது, திருடனும் வரமாட்டான். ஆனால் அந்தக் கைப்பிடி கெட்டால் நாமும் வெளியே போக முடியாது.

போன குளிர்காலத்தில் ஊரிலிருந்து அம்மா வந்து தங்கியிருந்தார். அவருக்குக் கொடுத்த மாடி அறையில் கைப்பிடி சும்மா சுற்றியது, ஜன்னல் மட்டும் திறக்கவே இல்லை. "மக்களே, இந்த ஜன்னல் தொறக்காம எனக்கு மூச்சு முட்டுது, கேட்டியா" என்றார். வாடகை வீடு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்டுக்கு எழுதினால் "ரெண்டு வாரம் ஆகும்" என்று பதில். அம்மாவுக்கு முட்டியது மூச்சு. எனக்கு வேறு பயம். கீழே அடுக்களையில் தீப்பிடித்தால் மாடிப்படி புகையாகிவிடும். அப்புறம் அந்த ஜன்னல்தான் வாசல். தப்பிக்கும் ஜன்னல் என்றால் திறப்பு 0.33 சதுர மீட்டராவது இருக்கணும், அகலமும் உயரமும் 450 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று இங்கே கட்டட விதிகளுக்கான வழிகாட்டியே சொல்கிறது. திறக்காத ஜன்னலுக்கு அளவு எவ்வளவு இருந்து என்ன?

ஏஜென்டிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை ஆணி புடுங்கும் வேலைக்கு லீவு என்பதால் நிஜ ஸ்குரூ கழற்ற உட்கார்ந்தேன். செய்த வரிசை இது:

1. கைப்பிடியின் அடிப்பட்டையில் மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதற்குள் ஒரு ஸ்குரூ. கைப்பிடியைத் திருப்பினால் அதன் அடியில் இன்னொன்று. ரெண்டுக்கும் இடைவெளி பெரும்பாலும் 43 மில்லிமீட்டர்.

2. கழற்றியதும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கம்பியைப் பாருங்கள். கனம் பொதுவாக 7 மில்லிமீட்டர். நீளம் ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். வெளியே நீட்டியிருக்கும் பகுதியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கைப்பிடி வளைந்திருந்தால் இடக்கையா வலக்கையா என்பதையும் பாருங்கள்.

3. குற்றவாளி யார்? சட்டத்தில் தெரியும் சதுர ஓட்டையில் ஒரு ஸ்குரூடிரைவரை விட்டு மெதுவாகத் திருப்புங்கள். பட்டை நகர்ந்து ஜன்னல் திறந்தால், கெட்டது கைப்பிடி மட்டும்தான். எங்களுக்கு அப்படித்தான். நகரவில்லை என்றால் உள்ளே கியர்பெட்டி உடைந்திருக்கு. மூடிக் கிடக்கும் ஜன்னலில் அதை நாமே நோண்டாமல் பூட்டுக்காரரைக் கூப்பிடுவதே நல்லது.

4. கைப்பிடி சுற்றாமல் இறுகினால் வேறு சோதனை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்புங்கள். லேசாகச் சுற்றினால் பூட்டில் பழுதில்லை. ஜன்னல் இறங்கிப் போய்ப் பூட்டு அதன் பள்ளத்தில் சரியாக விழவில்லை, கீல்தான் தேய்ந்திருக்கு. முரட்டுத்தனமாக அழுத்தினால் நல்ல கைப்பிடியும் உடையும்.

5. வருஷம் ஒருமுறையாவது அழுக்கைத் துடைத்து, நகரும் இடங்களில் மெல்லிய மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு.

(ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில் பனி படிந்தால் அது கைப்பிடிப் பிரச்சினை இல்லை. ஓரத்து சீல் போய்விட்டது, கண்ணாடியை மாற்றணும்.)

புதுக் கைப்பிடி போட்டு ஜன்னலைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. அம்மா கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, "அடைச்சிரு மக்களே, தணுப்பு" என்றார். அவருக்கு வேண்டியது காற்று இல்லை. வேணும்போது திறக்கலாம் என்ற ஒரு உறுதிதான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

அப்புறம் தாக்கோல் விஷயம். நம்மாட்கள் பலர் குழந்தை விழுந்துவிடும் என்று பயந்து மாடி ஜன்னலைப் பூட்டி, சாவியை எங்கேயோ பத்திரப்படுத்திவிடுகிறோம். பயம் நியாயம்தான். அதற்குத் திறப்பை 100 மில்லிமீட்டரோடு நிறுத்தும் தடுப்புப் பூட்டு கிடைக்கிறது, பெரியவர்கள் உள்ளிருந்து சட்டென்று விடுவிக்கக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாவி ஜன்னல் பக்கத்திலேயே, குழந்தைக்கு எட்டாத, வெளியிலிருந்து கைவிட்டு எடுக்க முடியாத ஆணியில் தொங்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் அது எங்கே என்று தெரியணும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு முதலில்! அவர்களுக்கு இந்தக் கைப்பிடி புதுசு. வந்த அன்றைக்கே டி.வி. ரிமோட்டைச் சொல்லித் தருகிறோமே, கூடவே ஜன்னலையும் அவர்கள் கையாலேயே ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள்.