பச்சைத் தோல்

நண்பர்கள் சிலர் சேர்ந்து இணைய வானொலி ஒன்று தொடங்குகிறோம். ஆப்பிரிக்க, கரீபிய இசை மட்டும், பேச்சு தமிழில். மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே, குவாதலூப் தீவின் குவோ கா இரண்டுமே ஆட்டுத்தோல் போர்த்திய மேளங்கள். அதனால் முதல் நிகழ்ச்சி தோலைப் பற்றி என்று முடிவானதும், ஒலிப்பதிவுக் கருவியோடு ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, பஸ் ஏறினேன்.

நாற்றத்துக்கு மூக்கு பழகிவிடுகிறது, சத்தத்துக்குக் காது பழகுவதில்லை. ஆளுயர மரப் பீப்பாய்கள் கடகடவென்று சுழல, அவற்றிலிருந்து வெளிர்நீலத்தில் தோல்கள் சொதசொதவென்று விழுகின்றன. குரோமில் பதமான இந்தச் சரக்கை இங்கே ‘வெட் ப்ளூ’ என்பார்கள். மேஸ்திரி ஒரு தோலை எடுத்து விரல்களால் முதுகுப் பக்கம் தடவிப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாததை விரல் கண்டுபிடித்திருந்தது.

“இதுல மேளம் கட்டுவாங்களா மேஸ்திரி?”

“இன்னா சார் நீங்க! இது ஷூவுக்குப் போற சரக்கு. எவ்ளோ காஞ்சாலும் மெத்துனுதான் இருக்கும். மேளத்துக்குப் பச்சைத் தோலுதான்.”

பதனிடுவதன் நோக்கமே தோல் அழுகாமல், காய்ந்தாலும் விறைக்காமல் இருப்பதுதான். மேளத்துக்கோ விறைப்பே உயிர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய காலத்திலும் அப்படித்தான், குரோம் வந்த பிறகும் அப்படித்தான். ஆக, தோலுக்கே பேர்போன இந்த வட்டாரத்தில் மேளம் கட்டுகிறவருக்குத் தோல் ஷாப்பால் ஒரு பிரயோசனமும் இல்லை. தோல் ஷாப் கழிவால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்பதை 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் விரிவாகவே எழுதியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக்கிய தீர்ப்பு அது. பாலத்தின் மேல் போகும்போது கீழே மணலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

நான் தேடிப் போன மேளம் கட்டுகிறவர் குடியாத்தம் பக்கத்தில் இருக்கிறார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே திரளும் வைகாசி அவருக்கு நல்ல மாசம். மற்ற மாதங்களில் சாவு வீடுகள்தான் சோறு போடுகின்றன. தோல் இறைச்சிக் கடையிலிருந்து வருகிறது. சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, உள்பக்கத்துச் சவ்வைக் கத்தியால் வழிக்கிறார். பறைக்குக் கன்றுத் தோல்தான் எடுப்பு என்கிறார். மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த வட்டச் சட்டம், புளியங்கொட்டைப் பசை. ஈரத்தோலைச் சட்டத்தின் மேல் விரித்து, எதிரெதிர்ப் பக்கமாக வாரால் இழுத்துக் கட்டும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறார். தோல் காயக் காய வார் தானாகவே முறுகும். இந்த வேலையைத் தீண்டத்தகாததாக்கி, அதன் ஓசையை மட்டும் கோயிலுக்கும் சாவுக்கும் அழைத்துக்கொண்ட ஊர் வழக்கத்தைப் பற்றி நான்தான் பேசினேன். அவர் வாரை இழுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கைப்பேசியில் ஓர் ஒலிப்பதிவைப் போட்டேன். கயானாவில் காளி பூசையில் அடிக்கிற தப்பு, அதாவது பறை. அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறினார்கள். சென்னையில் ஏறியவர்களோடு போனது இந்தக் கருவி. குவாதலூப்புக்கு இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 1854 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர் கோயில்களில் தப்பு உண்டு. ஒரே தீவில் குவோ காவும் தப்பும் பக்கத்துப் பக்கத்தில் ஒலித்திருக்கின்றன. ‘உலக இசை’ என்று ஒரு பெட்டியில் போட்டு மூடுகிற வானொலிகள் இதைச் சொல்வதில்லை. நாங்கள் சொல்லப்போகிறோம் என்றெல்லாம் அவரிடம் உற்சாகமாக அளந்தேன்.

கண்ணை மூடிக் கேட்டவர், “அடி நம்ம அடிதான். சூடு பத்தல. இன்னும் ரெண்டு கை வைக்கோலு போட்டுக் காச்சியிருக்கணும்” என்றார். அடுத்த கேள்வி: “இத நீங்க ரேடியோல போட்டா அவங்களுக்குக் காசு போவுமா தம்பி?”

எங்கள் சிக்கலே அதுதான். இணைய வானொலிக்கு எஃப்எம் போல அலைவரிசை ஏலம் கிடையாது. வாடகை சர்வர் போதும். 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 29 எம்பிதான் செலவு. ஷூ கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண்கள்கூட அலட்டிக்கொள்ளாமல் கேட்கலாம். பாட்டுக்கான உரிமைதான் கழுத்தைப் பிடிக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, நிர்ணயித்த கட்டணம் செலுத்தி ஒலிபரப்பப் பண்பலைகளுக்கு வழி தருகிறது. இணையத்துக்கு அது பொருந்தாது என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உரிமை வைத்திருப்பவர்களோடு பேசித்தான் வாங்க வேண்டும். பழைய கரீபிய இசைத்தட்டுகளுக்கு உரிமையாளரைத் தேடிப்பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். காசு கொடுக்க வழி தெரியாத பாட்டைப் போடாமலே விடலாம் என்பது என் கட்சி. நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு இவ்வளவும் சொன்னேன்.

“அப்ப எங்களுக்கு?”

கேளுங்கள் என்றேன்.

“சாவுக்கு வாங்குற கூலியே குடுங்க. ஆனா நான் ஒருத்தன் அடிச்சா எடுபடாது. அஞ்சு பேரு வருவோம், அஞ்சு பேருக்கும் கூலி. காச்சுறதுக்கு வைக்கோலு உங்க செலவு. அப்புறம் பேரு சொல்லணும், அஞ்சு பேர் பேரும்.”

சர்வர் வாடகைக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் அன்றே முன்பணம் கொடுத்தேன்.