எஃப்2 அழுத்துங்க

கண்ணமங்கலத்துல தறி நெய்யுறவங்க வீட்டுப் பசங்க, அப்பாவோட ரிப்போர்ட்டை பென்டிரைவ்ல கொண்டு வர்றாங்க. நல்ல விஷயம். திறந்தா ஸ்கேன்001, ஸ்கேன்001(2)... இதுல போன வருஷத்து ஈசிஜி எது? நெஞ்சு வலின்னு வந்தவருக்குப் பழைய ஈசிஜியோட ஒப்பிட்டாதான் மாற்றம் புதுசான்னு தெரியும். அங்க ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

விண்டோஸ்ல ஃபைலை ஒரு கிளிக் பண்ணி எஃப்2 அழுத்துங்க. எக்ஸ்பியில ஃபைல் வகை தெரியுற மாதிரி வச்சிருந்தா '.பிடிஎஃப்'பும் சேர்ந்தே செலக்ட் ஆகும். அதையும் அழிச்சிட்டா ஃபைல் திறக்காது. 2007-ல கடைக்கு வந்த விஸ்டாவுல இருந்து பேர் மட்டும்தான் செலக்ட் ஆகுது. யோசிச்ச புண்ணியவான் நல்லா இருக்கணும்! பேர் அடிச்சிட்டு டேப் தட்டினா அடுத்த ஃபைலுக்குப் போயிடும். மவுஸே வேண்டாம்.

வருஷத்தை முதல்ல போடுங்க: 2025-03-08 அப்பா ஈசிஜி. தேதி வரிசையில தானா நிக்கும். தமிழ்லயே அடிக்கலாம்.