குடவாசல் ஓட்டுக்கூரைகள்

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில் வழியாகத் திருவாரூர் செல்லும்போது குடவாசலில் இறங்கிப் பாருங்கள். மாடி வீடுகளுக்கிடையே நாட்டு ஓட்டு வீடுகள் சில எஞ்சியிருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் அவற்றின் ஓடுகளைப் பிரித்து அடுக்கியாக வேண்டும். உடைந்த ஓட்டைவிட, இரு சரிவுகள் சேரும் கூடல்வாயில் அடைந்துகொள்ளும் சருகே பொல்லாதது. தேங்கும் நீர் ஓட்டுக்கடியில் ஏறிக் கைமரத்தை இற்றுப்போகச் செய்யும்.

பனி பெய்யும் கனடாவில் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் நீர் இப்படித்தான் நுழைகிறது. வீட்டுச் சூட்டில் உருகிய பனி கூரை விளிம்பில் மீண்டும் உறைந்து அணையாகிவிடுகிறது. அங்கே பரணில் வெப்பத்தடுப்பு இட்டுச் சமாளிக்கிறார்கள்.

இங்கோ ஓடு மாற்றத் தெரிந்தவர்கள் அருகிவிட்டனர். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, ஒழுகும் இடத்தில் அண்டாவை வைத்து விழித்திருக்கும் தாய்மார் எத்தனை பேர்! புரட்டாசியிலேயே ஆளுக்குச் சொல்லி வையுங்கள்; முதல் மழைக்குப்பின் அவர் கிடைக்கமாட்டார்.